உப்புக் கரையில் டயர் அமுக்க உணரி

அதிகாலையில் காரை இயக்கியதும் முகப்புத் தட்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது: டயரின் குறுக்குவெட்டு, அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. கல்லடியிலிருந்து புறப்பட்ட கார் ஏறாவூரைத் தாண்டுவதற்குள் விளக்கு தானாகவே அணைந்துவிடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே அது எரிவதேயில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் எரிகிறது. உணரி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, நான்கு சில்லுகளுக்கும் புதிய உணரிகளை வாங்கிப் பூட்டுவோர் உண்டு. பல வேளைகளில் அது வீண் செலவு. உணரி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தவறு, டயருக்குக் காற்று அடித்த நேரத்தில் இருக்கிறது.

மூடிய கொள்கலத்திலுள்ள வளியின் அமுக்கம் அதன் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். கனவளவு மாறாதபோது அமுக்கம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமமாக இருக்கும் என்பது பாடசாலையில் படிக்கும் விதி. தனிவெப்பநிலை என்பது −273 பாகை செல்சியசைப் பூச்சியமாகக் கொண்டு எண்ணப்படுவது. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில், தார் வீதியில் வெகுதூரம் ஓடிவந்த டயரின் உள்வளி 55 பாகை வரை சூடேறியிருக்கலாம். அந்தச் சூட்டோடு 32 இறாத்தல், அதாவது சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அமுக்கம், நிரப்பப்படுகிறது. மறுநாள் விடியலில் டயர் 24 பாகைக்குக் குளிர்ந்திருக்கும்போது, ஒரு துளி காற்றும் கசியாமலேயே அமுக்கம் 27½ இறாத்தலுக்கு இறங்கிவிடும். இறப்பர் முற்றாகக் காற்றை அடைத்துவைப்பதில்லை; மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் அதன் ஊடாக இயல்பாகவே வெளியேறுகிறது. இரண்டு மாதத்தில் விடியற்கால அமுக்கம் 25½ இறாத்தலை அடையும். குறித்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எச்சரிக்கும்படி அமைத்த காரில் விளக்கு எரியும் எல்லை அதுதான். கார் சிறிது தூரம் ஓடி டயர் 40 பாகைக்குச் சூடேறியதும் அமுக்கம் 27 இறாத்தலைத் தாண்டுகிறது. பல கார்களில் விளக்கு அணைந்துவிடும்.

ஆகவே உணரியை மாற்றுவதற்கு முன்பு டயர் குளிர்ந்திருக்கும் காலைவேளையில் நான்கு சில்லுகளுக்கும் சரியான அளவு காற்று அடித்துப் பார்ப்பதே முதல் சோதனை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கே உரியது. விளக்கு எரியும் விதமும் ஒரு தடயம் தரும். தொடர்ந்து எரிந்தால் அமுக்கம் குறைவு. இயக்கியவுடன் ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால், ஏதோ ஓர் உணரியின் குரல் கேட்கவில்லை என்று பொருள். உணரியைத் தேடி வாங்கவேண்டிய தேவை இந்த இரண்டாவது நிலையில்தான் வருகிறது.

இந்த ஏற்பாடு எல்லாக் கார்களிலும் இருப்பதில்லை. 1986இல் போர்ஷே 959 காரில் முதன்முதலாக வந்த இந்தத் தொழில்நுட்பம் பரவுவதற்குச் சட்டமே காரணம். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிரிந்து பல உயிர்கள் போயின. 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, 2007 செப்டெம்பரிலிருந்து அங்கே விற்கப்படும் எல்லாப் புதிய இலகு வாகனங்களுக்கும் டயர் அமுக்கக் கண்காணிப்புக் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஜப்பானில் கார்களுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. மட்டக்களப்பு வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் ஓடி இலங்கைக்கு வந்தவை. வேகன் ஆர், அல்ட்டோ, விட்ஸ் போன்ற சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் சில்லுகளுக்குள் உணரியே இருக்காது.

விளக்கு இருக்கும் காரிலும் உணரி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கண்காணிப்பு இரண்டு வகை. மறைமுக வகையில் டயருக்குள் எதுவும் இல்லை. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரை சற்றுச் சிறுத்துவிடுவதால், மற்றச் சில்லுகளைவிட அது சற்று வேகமாகச் சுழலும். தடுப்பை அழுத்தும்போது சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு ஏற்கெனவே ஒவ்வொரு சில்லின் சுழற்சியையும் எண்ணிக்கொண்டிருப்பதால், கணினி அந்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டே குறையைக் கண்டுபிடிக்கும். இவ்வகைக் காரில் வாங்கிப் பூட்ட எதுவுமில்லை. காற்றைச் சரிசெய்து மீளமைக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். நேரடி வகையில்தான் ஒவ்வொரு சில்லுக்குள்ளும், வால்வின் அடியில், ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள ஓர் உணரி உட்கார்ந்திருக்கிறது. முகப்புத் தட்டு ஒவ்வொரு டயரின் அமுக்கத்தையும் தனித்தனி எண்ணாகக் காட்டுமானால் அது பெரும்பாலும் நேரடி வகை.

அந்தச் சிறு பெட்டிக்குள் நடப்பது கவனித்துப் பார்க்கத் தக்கது. அதன் நடுவே மிக மெல்லிய சிலிக்கன் மென்றகடு ஒன்று உண்டு. தகட்டின் ஒரு பக்கம் டயரின் வளி. மறுபக்கம் காற்று அகற்றி மூடப்பட்ட ஒரு வெற்றிடம். வளி தள்ளும்போது தகடு நுண்ணளவில் வளைகிறது. வளையும் சிலிக்கனின் மின்தடை மாறுகிறது. சிலிக்கனும் ஜேர்மானியமும் இப்படி நடந்துகொள்வதை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் ஸ்மித் அளந்து வெளியிட்டார். தடை மாற்றத்தை எண்ணாக்கி, வெப்பநிலையையும் சேர்த்து, உணரி வானொலி அலையில் அனுப்புகிறது.

தகட்டின் பின்னால் இருப்பது வெற்றிடம் என்பது சிறிய விவரமாகத் தோன்றலாம். ஆனால் கையில் பிடித்து அளக்கும் அமுக்கமானிக்கும் உணரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே அதுதான். அமுக்கமானி டயரின் உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். அது மானி அமுக்கம். உணரி அளப்பதோ வெற்றிடத்திலிருந்து எண்ணும் தனி அமுக்கம். கடல்மட்டத்தில் வளிமண்டலம் மட்டுமே 14.7 இறாத்தல் அமுக்கம் தருவதால், 32 இறாத்தல் டயருக்குள் இருக்கும் உணரி 46.7 என்று அளக்கிறது. பல கார்களின் கணினி அதிலிருந்து கடல்மட்ட அளவான 14.7ஐக் கழித்துவிட்டு 32 என்று காட்டும்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் அமுக்கமானியும் முகப்புத் தட்டும் ஒரே எண்ணையே காட்டும். மலை ஏறினால்தான் வித்தியாசம் தெரியும். செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி மகாஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். 32 பாகைச் சூட்டில் 32 இறாத்தல் அடித்துப் புறப்பட்ட கார், அங்கே ஓர் இரவு நின்று 16 பாகைக்குக் குளிர்ந்தால், உள்ளேயுள்ள தனி அமுக்கம் 46.7இலிருந்து ஏறத்தாழ 44.3 ஆகக் குறையும். வெளியே வளிமண்டல அமுக்கமும் 14.7இலிருந்து 11.7க்கு இறங்கிவிட்டிருக்கும். ஆகவே அமுக்கமானி வைத்துப் பார்த்தால் 32½ இறாத்தல். ஒரு குறையும் இல்லை. ஆனால் 14.7ஐயே கழித்துக்கொண்டிருக்கும் காரின் முகப்புத் தட்டு 29½ என்று காட்டும். மூன்று இறாத்தல் வேறுபாடு. இரண்டு கருவியும் சரியாகவே அளந்திருக்கின்றன. வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது உள்ளமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் என்பதால், மலைநாட்டில் அமுக்கமானியின் சொல்லையே நம்பவேண்டும். உயரத்துக்கு ஏற்பத் திருத்திக் காட்டும் கார்களும் உண்டு. திருத்தாத காரில் இந்த மூன்று இறாத்தலைக் கண்டு உணரியை மாற்றுவது, நல்ல உணரியைக் கழற்றி எறிவதாகும்.

உணரி உண்மையிலேயே ஓய்ந்துவிட்டால், மாற்றுவதற்கு எதை வாங்குவது? தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு உணரிகளில் ஒன்று வேலைசெய்யும், மற்றது வேலைசெய்யாது. குருமண்வெளித் துறையில் நின்றுகொண்டு மண்டூர்க் கரையிலுள்ள பாதைக்காரரை, அதாவது வாவியைக் கடத்திவிடும் மிதவையை ஓட்டுபவரை, அழைப்பதை எண்ணிப் பார்க்கலாம். குரல் அக்கரைக்கு எட்டவேண்டும். அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். அவர் அறிந்த ஓர் ஆளின் குரலாகவும் இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பாதை வராது.

குரல் எட்டுவது மீடிறனைப் பொறுத்தது. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலான உணரிகள் 315 மெகாஹேட்ஸில் ஒலிபரப்புகின்றன. ஐரோப்பாவிலும் பிற பல நாடுகளிலும் 433.92 மெகாஹேட்ஸ். காரின் வாங்கி இவற்றில் ஒன்றுக்கே இசைக்கப்பட்டிருக்கும். இலங்கையில் இது பெருந்தலையிடி. வீதியின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஜப்பானுக்கென்று செய்த கார், பிரித்தானியாவுக்கென்று செய்த கார், இந்தியாவில் செய்த கார் எல்லாம் இங்கே அருகருகே ஓடுகின்றன. ஒரே உற்பத்தியாளரின் ஒரே பெயருள்ள கார்கூட எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து வேறு மீடிறனில் கேட்கும். காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி உணரி வாங்குவதில் தவறு நேர்வது இதனால்தான். அடிச்சட்டக இலக்கத்தைக் கொடுத்துத் தேடவேண்டும். அல்லது பழைய உணரியைக் கழற்றி, அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் பகுதி இலக்கத்தையும் மீடிறனையும் பார்க்கவேண்டும். இரண்டாவது வழியே ஐயத்துக்கு இடமற்றது.

மொழி என்பது தரவு ஒழுங்கு: எத்தனை இலக்கங்கள், எந்த வரிசையில், எந்த வேகத்தில் அனுப்புவது என்று ஒவ்வோர் உற்பத்தியாளரும் வகுத்துக்கொண்ட முறை. மீடிறன் பொருந்தி மொழி பொருந்தாவிட்டால் காருக்கு அது வெறும் இரைச்சல். மூன்றாவது அடையாள இலக்கம். ஒவ்வோர் உணரியும் தனக்குரிய இலக்கத்தைச் சொல்லிவிட்டே அமுக்கத்தைச் சொல்லும். பக்கத்தில் நிறுத்தியிருக்கும் காரின் டயரை நம்முடைய டயர் என்று கணினி எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இந்த இலக்கத்தால்தான். இவை மறைகுறியாக்கம் எதுவுமின்றித் திறந்த குரலில் போவதை, 2010இல் தென் கரோலினா, ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏறத்தாழ 40 மீற்றர் தூரத்தில் சென்ற காரின் உணரிகளையும் அவர்களால் கேட்க முடிந்தது; பொய்யான செய்தி அனுப்பி எச்சரிக்கை விளக்கை எரியவைக்கவும் முடிந்தது.

சந்தையில் கிடைப்பவற்றுள் காரின் உற்பத்தியாளரே தரும் உணரியில் மீடிறனும் மொழியும் நிச்சயம் பொருந்தும். விலை கூடுதல், கொழும்பிலிருந்து வரவழைக்கவேண்டியும் இருக்கலாம். மற்றது, நிரலிடக்கூடிய பொது உணரி. இது வெற்று நிலையில் விற்கப்படும். டயர்க்கடையிலுள்ள கைக்கருவி காரின் வகையைக் கேட்டு உரிய மொழியை அதற்குள் எழுதும். இவ்வகையில் ஒரு பெரிய வசதி உண்டு. பழைய உணரிக்கு உயிர் இருக்கும்போதே அதன் அடையாள இலக்கத்தைப் படித்துப் புதியதில் எழுதிவிட்டால், காருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. உணரி முற்றாக இறப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த நகலெடுப்பு வசதியின் பெறுமதியை நன்கு அறிந்தவர்கள் ரொறன்ரோ, மொன்றியல் பக்கம் வாழும் தமிழர்கள். கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டக் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லாவிட்டாலும் பலர் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டுவதற்குப் பதில் குளிர்காலத்துக்கென்று தனிச் சில்லுத் தொகுதியே வைத்திருப்பார்கள். அதற்கும் நான்கு உணரிகள் வேண்டும். கோடைத் தொகுதியின் இலக்கங்களை அப்படியே அவற்றில் எழுதிவிட்டால், ஆண்டுக்கு இருமுறை காருக்குப் புதிதாகக் கற்பிக்கும் வேலை இல்லை. சில லெக்சஸ் கார்கள் இரண்டு தொகுதி இலக்கங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நகல் தேவையில்லை. அங்கே உணரி இல்லாமல் ஓட்டுவது எளிதில் ஆபத்தாகும். 20 பாகையில் 32 இறாத்தல் அடித்த டயர், −10 பாகையில் 27 ஆகவும் −25 பாகையில் 25க்குச் சற்றுக் குறைவாகவும் வந்துவிடும்.

பனிநாட்டின் சில்லுக்கும் வாவிக்கரையின் சில்லுக்கும் ஒரு பொது எதிரி உண்டு: சோடியம் குளோரைட்டு. அங்கே பனியை உருக்குவதற்காக வீதியில் கொட்டுகிறார்கள். இங்கே காற்றிலேயே வருகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி பாலமீன்மடு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று எழுவான்கரை ஊர்கள் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கின்றன. அந்த ஊர்களின் வழியே போகும் ஏ4 வீதியில் ஓடும் வாகனம் எதுவும் உப்பிலிருந்து தப்பமுடியாது.

உணரி வகைகளில் பல அலுமினிய வால்வுத் தண்டோடு வருகின்றன. அதன் உள்ளே திருகும் ஊசி வழமையாகப் பித்தளை. அழகுக்காகப் பூட்டும் உலோக மூடியும் பித்தளையாக இருக்கலாம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் தங்கினால், அங்கே ஒரு சிறு மின்னிரசாயனக் கலம் உருவாகிவிடும். தாக்கம் கூடிய உலோகம் கரையும். இங்கே கரைவது அலுமினியம். சாதாரண காற்றில் அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைக் குளோரைட்டு அயன்கள் துளைத்துவிடுவதால் அரிப்பு விரைவாகிறது. திருகுப் புரிகளில் சேரும் வெண்ணிறத் தூள் இதன் அடையாளம். மூடி இறுகிவிடும், ஊசி கழராது, பலத்தைப் போட்டுத் திருகினால் தண்டே முறிந்து காற்று முழுவதும் ஒரே மூச்சில் போய்விடும். உணரியின் மின்னணு நல்ல நிலையில் இருந்தும் தண்டு கெட்டதால் தூக்கி எறியப்படுவது உப்பு நிலங்களில் நடப்பதுதான்.

இதற்கு மாற்று, பித்தளை உட்குழலைச் சுற்றி இறப்பர் வார்த்த தண்டு. துளைக்குள் இழுத்துப் பொருத்திவிடலாம். அலுமினியம் அங்கே இல்லை, ஆகவே அந்தக் கலமும் இல்லை. மிக அதிவேகக் கார்களுக்கு இறப்பர்த் தண்டு உகந்ததல்ல. நகருக்கு வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் என்று எல்லை வகுத்த நாட்டில் அந்தக் குறை பொருட்டல்ல. உணரி இரண்டு வகைத் தண்டையும் ஏற்குமானால், வாவிக் கரையில் இறப்பர்த் தண்டைத் தெரிவதே அறிவு. அலுமினியத் தண்டுதான் கிடைக்கிறது என்றால் நிக்கல் பூசிய ஊசியையே போடவேண்டும். மூடி பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டும். சாதாரண டயரிலிருந்து கழற்றிய பித்தளை ஊசியை அவசரத்துக்கு அதில் திருகிவிடுவது பின்னாளில் ஓர் உணரியின் விலையைக் கேட்கும்.

வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகும் உணரிகளும் விற்பனையில் உள்ளன. முச்சக்கரவண்டிக்கும் உணரியில்லாத பழைய காருக்கும் டயரைக் கழற்றாமலே பூட்டலாம் என்பதால் அவை கவர்ச்சியானவை. ஆனால் அவை வால்வு ஊசியை எப்போதும் அமிழ்த்தியே வைத்திருக்கும். காற்றைக் காப்பது உணரியின் அடியிலுள்ள இறப்பர் வளையம் மட்டுமே. மேலும், சுழலும் சில்லில் எடை என்பது நின்ற இடத்து எடையல்ல. 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறு காரின் வால்விலுள்ள 10 கிராம் உணரி முக்கால் கிலோ எடையளவுக்கு வெளிநோக்கி இழுக்கும். முதிர்ந்து வெடித்த இறப்பர்த் தண்டு அதை நெடுநாள் தாங்காது. உள்ளே பூட்டும் 30 கிராம் உணரியும் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து கிலோவுக்கு ஒப்பான விசையை உணரும். ஆகவேதான் அதன் உடல் சில்லின் வளைவோடு படிந்திருக்கவேண்டும், சரியான கோணத்தில் உட்காரவேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள்.

உணரியின் ஆயுள் அதன் மின்கலத்தின் ஆயுள்தான். இலிதியம் மின்கலம் பிசினுக்குள் புதைத்து மூடப்பட்டிருப்பதால் மாற்றமுடியாது. நின்ற காரில் உணரி உறங்கும்; சில்லு சுழலும்போது விழித்துப் பேசும்; இந்தச் சிக்கனத்தால் 5 முதல் 10 ஆண்டு வரை தாக்குப்பிடிக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓடிய கார்கள் எல்லாம் பழையவை; அவற்றின் உணரிகள் ஓயும் வயதுக்கு வந்துவிட்டன. ஒன்று ஓய்ந்தால் மற்ற மூன்றும் அதே வயதுடையவை என்பதால், டயர் மாற்றும் வேளையில் நான்கையும் சேர்த்து மாற்றினால் கழற்றிப் பூட்டும் கூலி மிஞ்சும். வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பார்ப்பதும் அவசியம்: பெட்டியில் உறங்கிய காலமும் மின்கலத்தின் வயதில் சேரும். வேறு காரிலிருந்து கழற்றிய பழைய உணரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதன் மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை வெளியிலிருந்து சொல்லமுடியாது.

பூட்டுவதற்கு முன்பே கைக்கருவியால் உணரியை எழுப்பி, அது பேசுகிறதா என்று பார்த்துவிடவேண்டும். டயர் ஏறிய பிறகு தெரியவந்தால் வேலை இருமடங்கு. கருவி 125 கிலோஹேட்ஸ் தாழ் அலையொன்றை அனுப்ப, உணரி தன் இலக்கத்தையும் அமுக்கத்தையும் பதிலாகத் தரும். தனி அமுக்கத்தைக் காட்டும் கருவியானால், மேசைமேல் கிடக்கும் உணரிகூட மட்டக்களப்பில் 101 கிலோபாஸ்கலுக்கு அருகில் காட்டவேண்டும். உலோகத் தண்டின் சுரையை முறுக்கு அளவிடும் சாவியால், உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கே இறுக்கவேண்டும். இறப்பர் வளையம் ஒருமுறை நசுங்கினால் மறுமுறைக்கு உதவாது. பங்சருக்காக டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் உணரியின் நுண்துளையை அடைத்துவிடக்கூடும் என்பதால், அத்தகைய டயரைத் திறக்கும்போது துளையையும் பார்க்கவேண்டும்.

நகலெடுக்காத உணரியானால் அதன் இலக்கத்தைக் காருக்குப் பதிவுசெய்வதே மீதி வேலை. சில கார்கள் சிறிது தூரம் ஓடினால் தாமாகவே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் முகப்புத் தட்டின் வழியே கற்பிக்கலாம். இன்னும் சிலவற்றுக்குக் கண்டறியும் கருவியை இணைத்தே எழுதவேண்டும். பதிவு முடிந்ததும் ஒரு டயரில் மட்டும் காற்றை மெல்ல இறக்கிப் பார்க்கவேண்டும். 32 இறாத்தல் டயரில் ஐந்தில் ஒரு பங்கு எல்லையுள்ள கார் 25½ இறாத்தல் அளவிலும், கால் பங்கு எல்லையுள்ள கார் 24 இறாத்தலிலும் எச்சரிக்கும். காற்று இறக்கிய அதே சில்லின் எண்தான் முகப்புத் தட்டிலும் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு, டயர் குளிர்ந்திருக்கும்போதே மீண்டும் உரிய அளவுக்கு நிரப்பிவிடலாம்.